இறந்தவன் எழுதிய கடிதங்கள்

கிராமத்துப் பொதுமண்டபத்தின் முன்னே கூத்து நடக்கிறது. போருக்குப் புறப்படும் கணவனை மனைவி வழியனுப்பும் கட்டம். மனைவி வேடம் கட்டியிருப்பவள் அந்த ஊரின் மருமகள், பெயர் ஸுயென். அவளுடைய கணவன் உண்மையாகவே எல்லைக்குப் போனவன், அங்கேயே இறந்தும் போனவன். இறந்த செய்தி ஊரில் அவளுக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் மட்டுமே தெரியும். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அவள் நன்றாக நடிக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. பாட்டின் நடுவே அவளுக்குக் குரல் எழும்பவில்லை. வேடத்தைக்கூடக் கலைக்காமல் மேடையிலிருந்து இறங்கி இருட்டுக்குள் ஓடிவிடுகிறாள்.

டாங் ஞத் மின் இயக்கி 1984-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சி இது. படத்தின் வியட்நாமியப் பெயர் 'பாவ் ஸோ சோ டென் தாங் முவோய்'. 'பத்தாம் மாதம் என்றைக்கு வரும்' என்று தமிழில் சொல்லலாம். நாட்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த வரி அது. வடக்கு வியட்நாமின் சிவப்பு ஆற்றுப் படுகையில், சந்திரக் கணக்கின் பத்தாம் மாதம் நெல் அறுவடைக் காலம். வயிறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் அறுவடையை நினைத்து ஏங்கும் உழவர் வாயிலிருந்து பிறந்த வரியைப் படம் ஒரு கைம்பெண்ணின் தலைமேல் ஏற்றி வைக்கிறது. கார்காலம் வந்துவிட்டது, அவர் இன்னும் வரவில்லையே என்று கலங்கும் முல்லைத் தலைவியை அறிந்த நமக்கு இந்தத் தலைப்பைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. முல்லையில் தேர் ஒலி கேட்கும் என்ற நம்பிக்கையாவது உண்டு. இங்கே பருவம் வரும், ஆள் வரமாட்டான் என்பது முதல் சில நிமிடங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

வியட்நாம், போர், காதல் என்ற மூன்று சொற்களையும் சேர்த்துக் கேட்டவுடன் நம் மனத்தில் ஹெலிகாப்டர்கள் பறக்கத் தொடங்கிவிடும். இந்தப் படத்தில் ஹெலிகாப்டர் இல்லை, அமெரிக்கரும் இல்லை. ஸுயெனின் கணவன் இறந்தது நாட்டின் தென்மேற்கு எல்லையில், கம்போடியாவின் கெமர் ரூஜ் படைகளோடு நடந்த போரில். 1978 டிசம்பரில் வியட்நாமியப் படை கம்போடியாவுக்குள் நுழைந்தது. 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென் வீழ்ந்தது. ஆனால் படை திரும்பி வர 1989 வரை ஆயிற்று. ஆகவே இந்தப் படம் திரைக்கு வந்த ஆண்டில் அந்தப் போர் முடிந்த கதையாகியிருக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலருடைய கணவர்கள் அந்த வேளையில் எல்லையில் இருந்திருப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பார்த்தால் படம் பழைய துயரம் ஒன்றை மென்மையாகச் சொல்வதுபோல் தோன்றிவிடும். நானும் முதல்முறை அப்படித்தான் பார்த்தேன்.

கதை எளியது. கணவனைப் பார்க்கத் தெற்கே போன ஸுயென் அவன் இறந்த செய்தியைச் சுமந்துகொண்டு திரும்புகிறாள். துயரத்திலும் களைப்பிலும் மயங்கி ஆற்றில் விழுந்தவளை ஊர்ப் பள்ளி ஆசிரியர் காங் காப்பாற்றுகிறார். அவளிடம் இருந்த இறப்பு அறிவிப்பு அவர் கண்ணில் படுகிறது. வீட்டில் நோயாளியான மாமனார் இருக்கிறார், துவான் என்ற சிறு மகன் இருக்கிறான். கிழவரால் இந்தச் செய்தியைத் தாங்க முடியாது என்று அஞ்சும் அவள், ஆசிரியரிடம் ஓர் உதவி கேட்கிறாள். என் கணவர் எழுதுவதுபோல நீங்கள் கடிதம் எழுதித் தரவேண்டும் என்பதுதான் அந்த உதவி. முதலில் தயங்கும் அவர் பிறகு எழுதுகிறார். அந்தக் கடிதங்கள் வீட்டுக்கு வருகின்றன. கிழவர் மகிழ்கிறார். ஆசிரியருக்கோ அவள்மேல் அன்பு வளர்கிறது. ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர் எழுதிய கவிதை ஒன்று பிறர் கையில் சிக்க, கணவன் எல்லையில் இருக்கும்போது இவள் இங்கே என்ன செய்கிறாள் என்ற பேச்சு எழுகிறது. உண்மையைச் சொன்னால் தன் பெயரைக் காத்துக்கொள்ளலாம். சொன்னால் மாமனாரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவள் வாய் திறப்பதில்லை.

இந்தப் படத்தில் எல்லாமே தாளில்தான் நடக்கிறது என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். படத்தைத் தொடங்கிவைப்பது ஒரு தாள், இறப்பு அறிவிப்பு. வியட்நாமில் போரில் இறந்தவருக்குத் 'தியாகி' என்ற தகுதி உண்டு. 'தாயகம் உங்கள் தொண்டை நினைவில் கொள்கிறது' என்ற பொருள் கொண்ட சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அமெரிக்கப் போரில் மட்டும் தம் தரப்பில் 11 லட்சம் போராளிகள் இறந்தார்கள் என்று வியட்நாம் அரசு 1995-இல் அறிவித்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், அப்படியொரு சட்டம் தொங்காத தெருவே அந்நாட்டில் அரிதாக இருந்திருக்கும். அரசு தரும் அந்தத் தாளை ஸுயென் ஒளித்துவைக்கிறாள். அதற்குப் பதிலாகப் பொய்த்தாள்களை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். தியாகியின் மனைவி என்ற மரியாதை ஊரில் அவளுக்குக் காத்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள மறுத்து, அதற்கு நேர்மாறான அவப்பெயரை அவள் வாங்கிக்கொள்கிறாள். ஓர் அரசு நிறுவனம் தயாரித்த படம், அரசின் முத்திரையிட்ட தாளைவிட ஒரு கள்ளக் கடிதத்துக்கு அதிக ஈரம் இருக்கிறது என்று காட்டத் துணிந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கடிதம் எழுதித் தருவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். வளைகுடாவில் வேலை பார்த்த மகனுக்கு மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் போதாது, ஏர்மெயில் தாள் வாங்கி எழுதவேண்டும். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுவதுதான் வழக்கம். ஆனால் அவர் சொல்வது இரண்டு வரிக்கு மேல் தேறாது. 'நல்லா இருக்கேன், நீ உடம்பப் பாத்துக்கோ' என்பதற்குமேல் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. மீதித் தாளை நான் நிரப்புவேன். வேப்பமரம் பூத்தது, கன்றுக்குட்டி துள்ளியது என்று என் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு தாயின் வாயில் போட்டு எழுதுவேன். சில மாதங்களில், நான் பார்த்தே இராத அந்த அண்ணன் சரியாகச் சாப்பிடுகிறாரோ இல்லையோ என்று எனக்கே கவலை வரத் தொடங்கியது. பிறர் குரலில் எழுதுகிறவனுக்கு அந்தக் குரலின் பாசமும் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் காங்குக்கு நேர்ந்ததும் அதுவே என்றுதான் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. அவளை ஆற்றிலிருந்து தூக்கியபோது வந்த அன்பு இரக்கத்தின் பாற்பட்டது. அவளுடைய கணவனாக உட்கார்ந்து பேனாவைப் பிடித்த பிறகு வந்ததுதான் காதல்.

இதில் வியட்நாமிய மொழிக்கே உரிய ஒரு நுட்பமும் இருக்கிறது, ஆங்கிலத் துணைத்தலைப்பு அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. அம்மொழியின் அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் 'நான்', 'நீ' என்ற பொதுவான சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு நாம் என்ன உறவு என்பதே நம் தன்மைப் பெயர். தகப்பனிடம் பேசுகிறவன் தன்னை 'கோன்' என்று சொல்லிக்கொள்வான். பிள்ளை என்று பொருள். கணவன் மனைவியிடம் தன்னை 'அஞ்' என்பான், அவளை 'எம்' என்பான். அண்ணன், தங்கை என்பதே அவற்றின் நேர்ப்பொருள். காதலரும் கணவன் மனைவியரும் அவற்றையே பயன்படுத்துவார்கள். ஆகவே இறந்தவன் பெயரில் கிழவருக்குக் கடிதம் எழுதும் ஆசிரியர், எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தன்னை அந்தக் கிழவரின் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே ஆகவேண்டும். அதைத் தவிர்த்து எழுத இலக்கணம் இடம் கொடுக்காது. பத்து முறை பிள்ளை என்று எழுதியவன் பதினோராவது முறை அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது அந்நியனாக நடந்துபோக முடியுமா?

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஸுயென் என்பதை வடக்கில் 'ஸ'வுக்கு அருகிலும் தெற்கில் 'ய'வுக்கு அருகிலும் ஒலிப்பார்கள். முன்பே விதிக்கப்பட்ட பிணைப்பு, இருவரைக் கூட்டிவைக்கும் ஊழ் என்பது அதன் பொருள். அவளுடைய கணவன் பெயர் நாம். வியட்நாம் என்ற சொல்லின் பின்பாதியும் அதுவே, தெற்கு என்று பொருள். தெற்கு என்று பெயர் கொண்டவன் தெற்கே போய் மறைகிறான். அந்த ஒலி தமிழ்க் காதில் வேறொன்றாக விழுவதைத் தடுக்க முடியவில்லை, துணைத்தலைப்பில் 'நாம் இறந்துவிட்டான்' என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்ளும்போது ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் போகிறது. ஆசிரியராக நடித்த ஹூ முவோயின் பெயரிலேயே பத்து என்ற எண், அதாவது படத்தலைப்பில் உள்ள 'முவோய்' இருப்பது தற்செயல். அவர் பின்னாளில் தாமே போர்ப் படம் ஒன்றை இயக்கினார்.

டாங் ஞத் மின் 1938-இல் ஹுவே நகரத்தில் பிறந்தவர். முறையாகத் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர் அல்லர். ரஷ்ய மொழி கற்று, சோவியத்திலிருந்து வந்த திரைப்பட ஆசிரியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, மொழிபெயர்த்துச் சொன்ன பாடத்தைத் தாமே கற்றுக்கொண்டவர். அவருடைய தந்தை டாங் வான் ஙு வியட்நாமின் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர். ஜப்பானில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர் 1949-இல் நாடு திரும்பி, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நடந்த போரின்போது வடக்கு மலைக்காடுகளில் பெனிசிலின் தயாரித்தார். பின்னர் மலேரியாவை ஆராயத் துருவோங் சோன் மலைத்தொடருக்குப் போனார். துப்பாக்கிக் குண்டைவிடக் கொசு அதிகம் கொன்ற பாதை அது என்று படைவீரர்கள் புலம்பிய இடம். 1967-இல் அங்கே அமெரிக்கக் குண்டுவீச்சில் இறந்தார். இயக்குநரின் தாய் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆக, சாவு அறிவிப்பு வீட்டுக்குள் வரும்போது எப்படி இருக்கும் என்பதை இவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் இல்லை. திரைக்கதையையும் அவரே எழுதினார்.

படத்தின் உச்சம் எது என்று கேட்டால், பேய்களும் மனிதர்களும் கூடும் சந்தையைத்தான் சொல்வேன். ஏழாம் மாதப் பௌர்ணமியில் அலையும் ஆவிகளுக்கு வீடுபேறு கிடைக்கும் என்பது வியட்நாமியர் நம்பிக்கை. அன்று தாளில் செய்த காசும் உடையும் எரித்து இறந்தவருக்கு அனுப்புவார்கள். உயிரோடிருப்பவரும் இறந்தவரும் ஒரே சந்தையில் சந்திப்பார்கள் என்ற நம்பிக்கையும் நாட்டுப்புறத்தில் உண்டு. பாக் நிங் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் புத்தாண்டை ஒட்டி நள்ளிரவில் அப்படியொரு சந்தை கூடும் மரபு இருந்தது. விளக்கு ஏற்றக்கூடாது, பேரம் பேசக்கூடாது. வாங்குபவர் கொடுத்த காசைத் தண்ணீரில் போட்டு, மூழ்கினால் மனிதன் காசு, மிதந்தால் ஆவியின் காசு என்று அறிவார்களாம். படத்தில் ஸுயென் அப்படியொரு சந்தைக்குள் நடந்துபோகிறாள். மங்கிய விளக்குகள், புகை, ஓசையின்றி நகரும் கூட்டம். அங்கே கணவனைக் காண்கிறாள். பயமுறுத்தும் எந்த உத்தியும் அங்கே இல்லை. ஊர்ச்சந்தையில் எதிர்ப்பட்ட இருவர்போல அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கனவா, நனவா என்று கேள்வி எழுப்பாமல் படம் அந்தச் சந்திப்பை அப்படியே நடக்கவிடுகிறது. இத்தனை நேரமும் அவனுடைய குரலில் வேறொருவர் எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்த நாம், அவன் தன் வாயால் பேசுவதை முதன்முதலாகக் கேட்பது இங்கேதான். பொய்க் கடிதங்களுக்கு எதிரே வைக்கவேண்டிய உண்மைக் குரல் இறந்தவர்களின் சந்தையில்தான் கிடைக்கிறது.

இந்தக் காட்சிக்காகப் படம் பட்ட பாடு சிறிதல்ல. மூடநம்பிக்கையைப் பரப்புகிறது என்பது தணிக்கை செய்தவர்களின் கவலை. 13 முறை படத்தை மறுபரிசீலனைக்குப் போட்டுப் பார்த்தார்கள் என்று இயக்குநர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'தோய் மோய்' என்ற சீர்திருத்தக் கொள்கை 1986-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஓர் அரசுப் படப்பிடிப்பு நிறுவனத்தில் இருந்துகொண்டு ஆவியைத் திரையில் நிறுத்துவது எளிய காரியமாக இருந்திருக்காது. வெட்டு விழாமல் அந்தச் சந்தை தப்பித்தது. 1985-இல் ஹவாய்த் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. நாட்டுக்குள் தேசியத் திரைப்பட விழாவின் தங்கத் தாமரையும் அவ்வாண்டே கிடைத்தது. எந்த நாட்டின் விமானங்கள் இயக்குநரின் தந்தையைக் கொன்றனவோ அந்த நாட்டின் தீவொன்றில், இந்தப் படத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் பரிசு கொடுத்தார்கள். 2008-இல் சிஎன்என் தொகுத்த ஆசியாவின் மிகச் சிறந்த 18 படங்களின் பட்டியலிலும் இது இருந்தது.

வியட்நாமியத் திரையில் போரும் காதலும் சேர்ந்தே பிறந்தவை. ஹனோய் அரசின் முதல் கதைப்படமே, 1959-இல் வந்தது, 1954 ஜெனீவா உடன்படிக்கை நாட்டைப் பிரித்தபோது பென் ஹாய் ஆற்றின் இரு கரைகளில் சிக்கிய காதலர்களைப் பற்றியது. 1979-இல் வந்த இன்னொரு புகழ்பெற்ற படத்தில், தெற்கின் வெள்ளக்காட்டுக் குடிசையில் வாழும் இளந்தம்பதி, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் கைக்குழந்தையை பிளாஸ்டிக் பையில் இட்டுத் தண்ணீருக்கடியில் அமிழ்த்துவார்கள். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அவற்றில் எதிரி யார் என்பது தெளிவு, காதலுக்கும் கடமைக்கும் இடையே சண்டை இல்லை. ஸுயெனின் கதையில் எதிரி கண்ணில் படுவதே இல்லை. அவளைத் துன்புறுத்துகிறவர்கள் எல்லோரும் அவள்மேல் அன்புள்ளவர்கள், அல்லது ஊர் மானத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள்.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். மேடையிலிருந்து ஓடும் ஸுயெனின் முன் ஊர்க் காவல் தெய்வம் தோன்றும் இடம், சந்தைக் காட்சியின் எளிமையோடு ஒப்பிட்டால், கொஞ்சம் நாடகத்தனமாகவே இருக்கிறது. ஒரே படத்துக்குள் இரண்டு அமானுடம் அதிகம். ஃபூ குவாங்கின் இசை சில இடங்களில், ஸுயெனாக நடித்த லே வானின் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்கிறது. லே வான் நடனக் கலைஞராகப் பயிற்சி பெற்றவர். அழுகையை முகத்தில் காட்டாமல் தோளிலும் நடையிலும் காட்டத் தெரிந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் திரையில் இருக்கும்போது வயலின் எதற்கு? புதிய கல்வியாண்டின் தொடக்க நாளில் மகனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் கடைசிக் காட்சியைப் பற்றியும் எனக்கு இரண்டு மனம். கொடியும் பிள்ளைகளின் கூட்டமுமாக, 'நாளை நன்றாக விடியும்' என்று யாரோ மேலிடத்துக்காகச் சேர்த்த ஒப்பம்போல அது ஒரு பக்கம் தெரிகிறது. ஆனால் அந்தப் பள்ளியில் ஆசிரியர் காங் இப்போது இல்லை. அவர் வேறூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கவேண்டிய கை, அவன் தகப்பனின் கையெழுத்தாக மாறிய காரணத்தாலேயே அங்கிருந்து போய்விட்டது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் ஒரு வெற்றிடம் தெரியத்தான் செய்கிறது.

இதைக் காதல் படம் என்று அழைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருவரும் தொட்டுக்கொள்வது அவள் நினைவிழந்து நீரில் கிடந்தபோது மட்டுமே, ஒருவர் மற்றவரிடம் விருப்பத்தைச் சொல்லும் வசனமும் இல்லை, பின் எங்கே இருக்கிறது காதல் என்றார். கிழவர் இறக்கும் தறுவாயில் வரும் பகுதியைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். மாமனாருக்கு உடல்நிலை முற்றிவிடுகிறது. மகனைப் பார்க்கவேண்டும் என்கிறார். இத்தனை நாள் கடிதம் எழுதியவன்தானே, வந்தால் என்ன? பொய்யின் வல்லமை கடிதம் வரைக்கும்தான், ஆளை அனுப்ப அதற்கு வழியில்லை. அப்பாவுக்குத் தந்தி அடித்தால் வந்துவிடுவார் என்று நம்பும் துவான் தந்தி அடிக்கப் புறப்படுகிறான். பெரியவர்கள் கட்டிய பொய்யை முழுதாக நம்பிய ஒரே ஆள் அந்தக் குழந்தை. சீருடை அணிந்த வேறொரு படைவீரர் அந்த வீட்டுக்குள் வருகிறார். கிழவரின் கண் மூடுகிறது. ஸுயென் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. ஒளித்துவைத்த தாளுக்கு இனி வேலை வந்துவிட்டது. அதை அவள் எடுக்கவேண்டும், படிக்கவேண்டும், ஒரே நாளில் இரண்டு பேருக்காக அழவேண்டும்.